நாய்களின் மூச்சுத் திணறல்: கமக்காரர் அறிந்திருக்க வேண்டியவை

கமஞ்செய்வோர் வீடுகளில் நாய் வெறும் செல்லப் பிராணி மட்டுமன்று. காலபோகத்தில் கதிர் முற்றும் வேளையில் காட்டுப்பன்றியை விரட்டுவதும், மரக்கறித் தோட்டத்தில் முள்ளம்பன்றியும் குரங்கும் புகாது காப்பதும், இரவில் அயலார் வரவை அறிவிப்பதும் அதுவே. ஆயினும், மாட்டுக்கு நோய் கண்டால் உடனே மிருக வைத்தியரை நாடும் கமக்காரர் பலர், நாய்க்கு நோய் கண்டால், "நாய்தானே, கிடந்து எழும்பும்" என விட்டுவிடுகின்றனர். வேறு நோய்களில் ஓரிரு நாள் தாமதித்தாலும் பிராணி பிழைத்துக்கொள்ளக்கூடும். மூச்சைத் தாக்கும் நோய்களிலோ தாமதத்துக்கு இடமில்லை.

ஒருநாட் பிற்பகலில் மூன்று நாய்கள் இளைத்துக்கொண்டு நிற்பதாகக் கொள்க. ஒன்று பன்றியைத் துரத்திவிட்டு வந்தது. மற்றொன்று, காதுகளில் உண்ணி மொய்க்க, நான்கு நாட்களாக உணவில் நாட்டமின்றிக் கிடந்தது. மூன்றாவது, தெளிகருவி கழுவிய நீரை வாய்க்காலோரத்தில் நக்கியது. பார்வைக்கு மூன்றும் ஒன்று போலவே இளைக்கின்றன. முதலாவது நாய் நிழலில் சிறிது நேரம் கிடந்தாற் போதும். இரண்டாவது நாயைத் தாமதமின்றி வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். மூன்றாவது நாய்க்கு ஒரு மணி நேரந்தானும் இல்லாதிருக்கலாம். இவற்றை வேறுபடுத்தி அறியும் முறையே இத் துண்டுப்பிரசுரத்திற் கூறப்படுகின்றது. அத்துடன், திணறும் நாயின் வாயினுட் கையை இடுவதால் வீட்டாரின் உயிருக்கே நேரக்கூடிய ஆபத்தும் விளக்கப்படுகின்றது.

நாய் இளைப்பது ஏன்?

மனிதனும் மாடும் தோலின் வழியே வியர்த்து உடற் சூட்டைத் தணித்துக்கொள்கின்றனர். நாயோ பாதங்களில் மட்டுமே சிறிதளவு வியர்க்கும். எனவே அது வாயைத் திறந்து, நாவை நீட்டி, விரைவாகவும் மேலோட்டமாகவும் மூச்சு விடுகின்றது. நாவிலும் வாயிலும் மூக்கிலுமுள்ள ஈரம் ஆவியாகிச் செல்லும்போது உடற் சூடும் உடன் செல்கின்றது. இவ்வாறு இளைக்கும் நாய் நிமிடத்துக்கு 200 தடவைக்கு மேலும் மூச்சு விடுவதுண்டு. இது நோயன்று. நிழலும் நீரும் ஓய்வும் கிடைத்தவுடன் படிப்படியாகக் குறைந்து நின்றுவிடும்.

வெயிலில்லாத வேளையில், ஓடாமல், அச்சமுறாமல், படுத்த நிலையிலேயே நாய் இளைக்குமாயின் அது நோயின் குறியாகும். வாயை மூடியபடி விலாவை உந்தி உந்தி மூச்சு வாங்குவதும் அவ்வாறே. ஆகவே மூச்சின் வேகத்தை மட்டும் பாராது, எந்நிலையில் அது வேகமடைகின்றது என்பதையும் பார்த்தல் வேண்டும்.

மூச்சை எண்ணும் முறை

நாய் உறங்கும்போது அதனை எழுப்பாமல் அருகில் அமர்க. விலாப்புறம் ஒருமுறை எழுந்து தாழ்வது ஒரு மூச்சாகும். கடிகாரத்தைப் பார்த்து 30 செக்கனுக்கு எண்ணி, வரும் தொகையை இரண்டாற் பெருக்குக. சுகமாயுள்ள நாய், குளிர்ந்த இடத்தில் உறங்கும்போது, நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை மூச்சு விடும். கனவு காணும்போது கால்களை உதறி விரைவாக மூச்சு விடுவதுண்டு. அவ்வேளையில் எண்ணுதல் கூடாது. குட்டிகளின் மூச்சு வளர்ந்த நாயினதைவிடச் சற்று விரைவானது.

நாய் சுகமாயிருக்கும் காலத்திலேயே மூன்று நான்கு நாட்களுக்கு இவ்வாறு எண்ணி, அத்தொகையைச் சுவரிலுள்ள நாட்காட்டியிற் குறித்து வைத்தல் நன்று. தன் நாயின் வழக்கமான எண்ணிக்கையை அறிந்தவரே மாறுதலைக் கண்டறிய வல்லவர். உறக்கத்தில் எடுத்த எண்ணிக்கை மீண்டும் மீண்டும் 30க்கு மேற்படுமாயின் வைத்தியரை நாடுதல் வேண்டும். 40ஐத் தாண்டுமாயின் அன்றைய தினமே கொண்டு செல்க.

முரசையும் நாவையும் பார்த்தல்

மேலுதட்டை மெதுவாக உயர்த்திப் பல் முரசின் நிறத்தைப் பார்க்க. நம் ஊர் நாய்கள் பலவற்றுக்கு முரசு இயல்பாகவே கறுத்திருக்கும். அவ்வாறாயின் நாவையோ கீழ்க் கண்ணிமையின் உட்புறத்தையோ பார்க்கலாம். நாய் வீணீர் வடித்தாலோ, நடத்தை மாறியிருந்தாலோ வாயைத் தொடாது தூர நின்று கண்ணால் மட்டும் பார்க்க. காரணம் பின்னர்க் கூறப்படும்.

1. இளஞ்சிவப்பு: இயல்பான நிறம்.
2. வெளிறிய நிறம்: குருதி குறைந்துள்ளது அல்லது குருதியோட்டம் தளர்ந்துள்ளது.
3. நீலம் அல்லது சாம்பல் நிறம்: உடலுக்குக் காற்றுப் போதவில்லை. கணமும் தாமதித்தலாகாது.
4. செங்கற் சிவப்பு: பெரும்பாலும் கடும் வெப்பத் தாக்கம்.
5. மஞ்சள்: உண்ணிக் காய்ச்சல், எலிக்காய்ச்சல் போன்ற நோய்களில் தோன்றும்.

ஒலியையும் இருக்கையையும் கவனித்தல்

மூச்சை உள்ளிழுக்கும்போது குறட்டை போன்றோ கீச்சென்றோ ஒலி எழுமாயின், அடைப்பு பெரும்பாலும் மூக்கிலோ தொண்டையிலோ குரல்வளையிலோ உள்ளது. ஒலி அதிகமின்றி மூச்சு விரைவாகவும் ஆழமற்றும் இருக்குமாயின், நுரையீரலையோ நெஞ்சறையையோ ஐயுறலாம். நீர் கொதிப்பது போன்ற ஈர ஒலி நுரையீரலில் நீர் கோத்திருப்பதைக் காட்டும்.

மூச்சுக்குத் தவிக்கும் நாய் படுக்க விரும்பாது. முன்னங்கால்களை அகற்றி, முழங்கைகளை விலாவிலிருந்து விலக்கி, கழுத்தை நீட்டி நிற்கும் அல்லது குந்தியிருக்கும். இரவு முழுவதும் இவ்வாறு குந்தியிருந்த நாயைக் காவற் காப்பதாக எண்ணி மகிழ்தல் தவறு. படுத்தால் மூச்சு முட்டுவதனாலேயே அது குந்தியிருக்கின்றது.

திடீரெனக் கழுத்தை நீட்டி, மூக்கினால் உள்நோக்கி "கர், கர்" என்று சில கணங்கள் இழுத்துவிட்டு, பின் ஒன்றும் நடவாதது போல் ஓடும் நாய்களும் உண்டு. இது தலைகீழான தும்மல் போன்றது. எப்போதாவது ஒருமுறை வருமாயின் அஞ்ச வேண்டியதில்லை. அடிக்கடி வருமாயின் மூக்கினுள் ஏதேனும் புகுந்துள்ளதா என வைத்தியர் பார்த்தல் வேண்டும்.

மூக்கிலும் தொண்டையிலும் உண்டாகும் தடைகள்

புல்லின் கூரிய விதை மூக்கினுட் புகுந்தால் நாய் தொடர்ந்து தும்மி, முகத்தைக் காலினாற் தேய்க்கும். ஓடைகளிலும் தேங்கிய நீரிலும் குடிக்கும் நாய்களின் மூக்கினுட் சில வேளை நீர் அட்டை புகுந்து தங்குவதுண்டு. ஒரு நாசித்துவாரத்திலிருந்து மட்டும் விட்டுவிட்டுக் குருதி வடிவதும் தும்மலும் இதன் குறிகள். உப்பையோ புகையிலைச் சாற்றையோ மூக்கினுள் ஊற்றுதல் கூடாது. அவை மூச்சுக்குழலுள் இறங்கிப் பெருந்தீங்கு விளைக்கும். அட்டையை வைத்தியர் கருவி கொண்டு அகற்றுவார்.

பன்றிக்கு வைத்த சுருக்குக் கண்ணியில் கழுத்து அகப்பட்ட நாயை விடுவித்தவுடன் அது நலமாயிருப்பதாகத் தோன்றலாம். ஆனால் தொண்டை வீங்குவதும் நுரையீரலில் நீர் கோப்பதும் சில மணி நேரத்தின் பின்னரே தெரிய வரும். ஆகவே அத்தகைய நாயை அன்றே வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

பல நாய்கள் கூடிய இடத்திலிருந்து வந்த நாய் சில நாட்களின் பின் வறட்டு இருமல் இருமி, இறுதியில் ஓங்கரிப்பது தொற்று இருமலாக இருக்கக்கூடும். உணவு உண்டு சுறுசுறுப்பாயிருக்கும் நாய்க்கு இது பெரும்பாலும் தானே மாறும். சோர்வு, காய்ச்சல், மூக்கிற் சளி ஆகியன சேருமாயின் நுரையீரல் அழற்சியாக மாறியிருக்கலாம்.

பக், புல்டோக் போன்ற சப்பை மூக்குச் சாதிகளுக்கு மூச்சு வழி பிறப்பிலேயே ஒடுங்கியது. அவை வெயில் காவலுக்கு ஏற்றவையல்ல.

நுரையீரலைத் தாக்கும் நோய்கள்

தடுப்பூசி பெறாத குட்டிகளை டிஸ்டெம்பர் எனும் வைரசு நோய் தாக்கும். கண்ணிலும் மூக்கிலும் பீளையும் சளியும், இருமல், கழிச்சல், பின்னர் வலிப்பு என்பன தோன்றும். வட்டப் புழுவின் இளம் பருவங்கள் குடலிலிருந்து நுரையீரல் வழியாகச் செல்வதனாலும் சிறு குட்டிகள் இருமும்.

நெல் வயலிற் பாடுபடுவோர் அஞ்சும் எலிக்காய்ச்சல் நாயையும் விடுவதில்லை. நோயுற்ற நாய்களிற் சிலவற்றுக்கு நுரையீரலிற் குருதி கசிந்து மூச்சுத் திணறும். அதன் சிறுநீர் வழியே நோய்க் கிருமி மனிதரையும் அடையக்கூடுமாதலால், அத்தகைய நாயின் சிறுநீர் பட்ட இடத்தை வெறுங்கையாற் தொடுதல் கூடாது.

இங்கு கமக்காரர் கைகளினாலேயே உண்டாகும் ஒரு நோயைக் குறிப்பிடுதல் அவசியம். நஞ்சுண்ட நாய்க்கும் சோர்ந்த நாய்க்கும் தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், பால் முதலியவற்றை வாயைப் பிளந்து ஊற்றும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. சோர்ந்த நாய் சரிவர விழுங்காது. ஊற்றிய எண்ணெய் உணவுக் குழலுக்குச் செல்லாது மூச்சுக்குழல் வழியே நுரையீரலில் இறங்குகின்றது. அதன் பயனாக, முதல் நோயிலிருந்து தப்பிய நாயும் ஓரிரு நாட்களில் நுரையீரல் அழற்சியால் இறக்கின்றது.

முதிய நாய்களுக்கு இதயத்தின் தடுக்கிதழ்கள் தளர்ந்து நுரையீரலில் நீர் கோப்பதுண்டு. இரவில் இருமல், சிறிது நடந்தவுடன் களைப்பு, உறக்கத்தில் மூச்சின் எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடுதல் ஆகியன இதன் குறிகள். காலத்தோடு கண்டறிந்தால் மருந்தினால் அதன் வாழ்நாளை நீட்டிக்கலாம்.

நுரையீரல் நலமாயிருந்தும் மூச்சு விரைதல்

காற்றிலுள்ள ஒட்சிசனை உடலெங்கும் சுமந்து செல்வது குருதியிலுள்ள செங்கலங்களாகும். அவை குறைந்தால், நுரையீரல் நலமாயிருப்பினும் நாய் விரைவாக மூச்சு விடும். உண்ணியாற் பரவும் பபீசியா எனும் நுண்ணுயிர் செங்கலங்களை அழிக்கின்றது. முரசு வெளிறும், காய்ச்சல் காயும், சில நாய்களின் சிறுநீர் தேயிலைச் சாயம் போற் கறுத்துச் செல்லும். கொளுக்கிப் புழு குடலிற் குருதியை உறிஞ்சுவதனாலும் குட்டிகள் இவ்வாறே இளைக்கும். முற்கூறிய மூன்று நாய்களில் இரண்டாவது நாயின் நிலை இதுவாக இருக்கக்கூடும்.

பீடைநாசினிகளும் பிற நஞ்சுகளும்

சேதனப் பொசுபரசு, காபமேற்று ஆகிய வகைப் பூச்சிநாசினிகள் நாயின் உடலிற் சேர்ந்தால் வீணீர் பெருக்கெடுக்கும், கண்மணி ஊசிமுனை போற் சுருங்கும், தசைகள் துடிக்கும், கழிச்சலும் வாந்தியும் உண்டாகும். நுரையீரலில் நீர் சுரந்து, மூச்சுத் தசைகளும் செயலிழந்து நாய் இறக்கும். வைத்தியர் உரிய மாற்று மருந்தை ஊசி மூலம் ஏற்றினால் தப்புவதுண்டு. நத்தைக்கு வைக்கும் நச்சிரையை உண்ட நாய்க்கு நடுக்கமும் வலிப்பும் கடும் உடற் சூடும் காணும்.

பரக்குவாற் எனும் களைநாசினி 2008 முதல் 2011 வரையான காலத்திற் படிப்படியாக இலங்கைப் பாவனையிலிருந்து நீக்கப்பட்டது. இதனை உண்ட நாய் முதலில் வாந்தியெடுத்துப் பின் தேறியது போற் காணப்படும். ஆனால் அடுத்து வரும் நாட்களில் நுரையீரல் தழும்பேறிச் சுருங்கி, மூச்சு முட்டி இறக்கும். இதற்கு மாற்று மருந்தில்லை. ஆகவே பழைய கொட்டில்களிற் கிடக்கும் பெயர் அழிந்த போத்தல்களைத் தொடாது பூட்டி வைத்து, விவசாயப் போதனாசிரியருக்கு அறிவித்தல் வேண்டும்.

நாகம், விரியன் ஆகியவை தீண்டினாலும் மூச்சுத் தசைகள் செயலிழக்கக்கூடும். பின்னங்கால் தள்ளாடுதல், கண்ணிமை சோர்தல், குரல் மாறுதல் என்பன முதற் குறிகள். கடிவாயைக் கீறுவதும் இறுகக் கட்டுவதும் பயனற்றவை.

எலும்பு சிக்கியதா, விசர் நோயா?

இத் துண்டுப்பிரசுரத்தில் மிகவும் கவனத்துக்குரிய பகுதி இதுவாகும். விசர் நோய் கண்ட நாயெல்லாம் வெறிகொண்டு ஓடிக் கடிப்பதில்லை. சில நாய்கள் அமைதியாக ஒரு மூலையிற் கிடக்கும். தொண்டைத் தசைகள் செயலிழப்பதால் கீழ்த்தாடை தொங்கும், வீணீர் வடியும், நீரை விழுங்க மாட்டாது தவிக்கும், குரல் கரகரத்து மாறும். இதனைக் காண்போர், தொண்டையில் எலும்பு சிக்கியதென எண்ணி, இரக்கத்தால் வாயினுட் கையை விட்டுத் தேடுகின்றனர். கடிபடாவிடினும், மண்வெட்டியும் முள்ளும் கீறிய கையிலுள்ள சிறு புண்களில் வீணீர் படுவதே நோய் தொற்றப் போதுமானது. மனிதருக்கு நோய்க்குறிகள் தோன்றியபின் இந் நோயிலிருந்து பிழைத்தல் ஏறக்குறைய இல்லை.

ஆகவே பின்வரும் விதியைக் கைக்கொள்க: நாய் உண்ணும்போதே திடீரெனத் திணறியதை நேரிற் கண்டிருந்தாலன்றி, அந்நாய்க்கு விசர் நோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறாது போடப்பட்டிருந்தாலன்றி, வாயின் அருகே கையைக் கொண்டு செல்லற்க. இரண்டும் பொருந்த வேண்டும். ஒன்று மட்டும் போதாது. ஐயம் உண்டாயின் நாயைத் தொடாது, கதவடைத்த இடத்தில் தனியே விட்டு, மிருக வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவிக்க. நாய் இறந்துவிட்டால் அவர்களைக் கேளாது புதைத்தல் கூடாது. அதன் தலையைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கலாம்.

கடிபட்டாலோ, கீறப்பட்டாலோ, புண்ணில் வீணீர் பட்டாலோ, அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுக. அன்றே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்க. மஞ்சள், சுண்ணாம்பு முதலியவற்றைப் பூசிக்கொண்டு வீட்டிலிருத்தல் கூடாது.

முதலுதவி

கடும் வெப்பத் தாக்கம்: நாயை நிழலுக்குக் கொண்டு வந்து, உடல் முழுவதும் கிணற்று நீரை ஊற்றி, விசிறியால் காற்று வீசுக. பனிக்கட்டியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டா. நனைந்த சாக்கினால் மூடி வைத்தல் சூட்டை உள்ளே அடைக்கும். நாயின் இயல்பான உடற் சூடு ஏறக்குறைய 38.3 முதல் 39.2 பாகை செல்சியசு ஆகும். 41 பாகையைக் கடந்தால் உயிருக்கு ஆபத்து. சூடு 39.5 பாகைக்கு இறங்கியதும் நீரூற்றுவதை நிறுத்துக. முதலிற் குளிர்வித்து, பின்னரே வைத்தியரிடம் கொண்டு செல்க.

தொண்டையில் உணவு சிக்குதல்: முற்கூறிய விதிக்கு அமைந்த நாயாயின், சிறிய நாயைப் பின்னங்கால்களிற் பற்றித் தலைகீழாகத் தூக்குக. பெரிய நாயாயின் பின்னங்கால்களை மட்டும் உயர்த்துக. விலா முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இரு கைகளையும் சேர்த்து, உள்நோக்கி மேலாக ஐந்து முறை விரைந்து அழுத்துக.

நஞ்சு: தோலிற் பட்டிருந்தால், கையுறை அணிந்து, சவர்க்கார நீரால் கழுவுக. வாந்தி எடுக்கச் செய்ய முயலற்க. நஞ்சின் போத்தலையோ சுட்டுத்துண்டையோ வைத்தியரிடம் காட்டுக.

நெஞ்சிற் காயம்: பன்றியின் கொம்பு கிழித்த காயத்தைத் தூய துணியால் மூடிப் பிடிக்க. உள்ளே தைத்திருக்கும் பொருளைப் பிடுங்கற்க. நாய் படுக்குமாயின் காயம்பட்ட பக்கம் கீழிருக்கப் படுக்க விடுக.

கொண்டு செல்லும் முறை: மூச்சுத் திணறும் நாயின் வாயைக் கட்டுதல் கூடாது, சாக்கிற் போட்டுக் கட்டுதலும் கூடாது. அது விரும்பும் நிலையிலேயே இருக்க விட்டு, காற்றோட்டமாக, வெயில் தணிந்த வழியிற் கொண்டு செல்க. காய்ச்சலுக்கென மனிதர் உண்ணும் குளிசைகளைக் கொடுத்தல் கூடாது. அவற்றிற் சில நாயின் குருதியையும் ஈரலையும் கெடுப்பவை.

வைத்தியரிடம் கூற வேண்டியவை

எப்போது தொடங்கியது, உறக்கத்தில் மூச்சின் எண்ணிக்கை, முரசின் நிறம், இருமல் உண்டா, அண்மையில் வயலிலோ தோட்டத்திலோ தெளித்த மருந்தின் பெயர், உண்ணி உண்டா, தடுப்பூசி போட்ட திகதி ஆகிய ஏழையும் ஒரு துண்டிற் குறித்துச் செல்க. சொல்லமாட்டாத பிராணியின் நோயை அறிய வைத்தியருக்கு இவை பேருதவியாகும்.

நோய் வராமற் காத்தல்

1. விசர் நோய்த் தடுப்பூசியைக் குட்டிப் பருவத்திலும் பின்னர் ஆண்டுதோறும் போடுவிக்க. டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் தடுப்பூசிகளைப் பற்றி மிருக வைத்தியரிடம் கேட்டறிக.
2. வாரம் ஒருமுறை காது, கழுத்து, கால்விரல் இடுக்கு ஆகிய இடங்களில் உண்ணி பார்க்க. பயிருக்கு அடிக்கும் பூச்சிநாசினியை நாயின் மேற் பூசுதல் கொலைக்கு ஒப்பாகும்.
3. மருந்து தெளிக்கும் நாளில் நாயை வீட்டிற் கட்டி வைக்க. தெளிகருவியை வாய்க்காலிற் கழுவற்க.
4. கட்டிய நாய்க்கு நிழலும், எந்நேரமும் நீரும் இருத்தல் வேண்டும். சூரியன் நகர நிழலும் நகரும். காலையில் நிழலாயிருந்த இடம் நண்பகலில் வெயிலாகலாம்.
5. கழுத்துப் பட்டி, இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாயிருத்தல் வேண்டும். வளரும் குட்டிக்கு அடிக்கடி தளர்த்துக.
6. வைக்கோலும் குப்பையும் எரிக்கும் இடத்துக்கு அருகே நாயைக் கட்டற்க.
7. குட்டிகளுக்கு வைத்தியர் கூறும் காலங்களிற் புழு மருந்து கொடுக்க.

மூச்சை எண்ணுதற்கு வேண்டியவை ஒரு கடிகாரமும் அரை நிமிடப் பொறுமையுமே. இரவில் வயலைக் காக்கும் நாய்க்காக மாதம் ஒருமுறை அவ்வரை நிமிடத்தைச் செலவிடும் கமக்காரர், நோயைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்வர். திணறும் நாயின் வாயிற் கையிடாதவர், தம் வீட்டாரையும் காத்துக்கொள்வர்.